பண்பட்ட மனமே மூலதனம்

கல்லூரி வாயில், பேருந்து நிலையம், தாலுகா அலுவலகத்தின் எதிர்ப்புறம் - இந்த இடங்களில் ஒரு ஜெராக்ஸ் கடையைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. சான்றிதழை நீட்டுகிறோம், கண்ணாடிக்கு அடியில் பளிச்சென ஓர் ஒளி நகர்கிறது, சூடு ஆறாத படி ஒன்று கைக்கு வந்து சேருகிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்த வேலைக்குப் பின்னால், ஒரு மனிதர் தம் மனத்தைப் பல ஆண்டுகள் பண்படுத்திய வரலாறு இருக்கிறது. "மூளை உள்ளவனுக்குத்தான் முன்னேற்றம், நமக்கு அது கொடுத்துவைக்கவில்லை" என்று சோர்ந்திருக்கும் மாணவர்கள் அந்த வரலாற்றை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

மூளை வளருமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்றும், மீதிப் பங்கை எழுப்பிவிட்டால் அறிவும் செல்வமும் தாமாகவே வந்துவிடும் என்றும் சிலர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவு பிடிக்கும் உறுப்பின் பெரும்பகுதியை இயற்கை வீணே தூங்கவிட்டிருக்குமா? மூளையைப் படம்பிடித்துப் பார்க்கும் கருவிகளும் அதன் எல்லாப் பகுதிகளும் வேலை செய்வதையே காட்டுகின்றன.

ஆனால் மூளை பயிற்சியால் மாறும் என்பது உண்மை. லண்டன் நகர டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற, சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதித்துக்கொண்டு கடினமான தேர்வில் தேற வேண்டும். அவர்களுடைய மூளையில், இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களுக்கு உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை எலினார் மகுவயர் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள்தாம் ஓட்டுநர் ஆனார்களோ என்ற ஐயம் எழுந்தது. பயிற்சி பெறுவோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் அவர்கள் விடை சொன்னார்கள். தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. பயிற்சியை முடித்துத் தேறியவர்களிடம் மட்டுமே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

பயிற்சி என்றால் எத்தகைய பயிற்சி? அதற்குத்தான் ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனின் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறோம்.

வறுமையில் ஒரு குறிப்பேடு

கார்ல்சன் 1906-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. மூட்டு நோயும் காசநோயும் அவரைப் படுக்கையில் தள்ளின. சிறு வயதிலேயே, பள்ளிக்கு முன்னும் பின்னும் கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலை கார்ல்சனுக்கு ஏற்பட்டது. அவருக்கு 17 வயதானபோது தாயும் காசநோயால் இறந்தார்.

ஆனால் இந்தச் சிறுவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. தோன்றிய எண்ணங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பார். அச்சகம் ஒன்றில் வேலை பார்த்து, கூலிக்குப் பதிலாக ஒரு பழைய அச்சுப்பொறியைப் பெற்று, வேதியியல் ஆர்வலர்களுக்காகச் சிறு இதழ் ஒன்றை அச்சிட்டார். அது விரைவில் நின்றுபோயிற்று. ஆயினும், எழுத்தைத் தாளில் ஏற்றுவது எவ்வளவு சிரமமான வேலை என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

1930-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்றார். உலகப் பொருளாதாரமே சரிந்திருந்த காலம் அது. 80-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் பயனில்லை. பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். அந்த நாட்களில் அவர் குறிப்பேட்டில் எழுதிய புதுக் கருத்துகள் மட்டும் 400-க்கு மேல். அவற்றில் மிகப் பல எதற்கும் உதவவில்லை. உதவியது ஒன்றுதான். அந்த ஒன்றைக் கண்டடைய மற்றவற்றையும் எழுதவேண்டியிருந்தது.

தேவையைக் கண்ட கண்

1933-இல் அந்த வேலையும் போயிற்று. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார். காப்புரிமை ஆவணங்களுக்குப் பல படிகள் தேவை. ஒன்று, தட்டச்சில் திரும்ப அடிக்க வேண்டும். அல்லது, புகைப்படம் எடுக்கச் செலவிட வேண்டும். இரவில் சட்டமும் படித்துவந்த கார்ல்சன், புத்தகம் வாங்கப் பணமின்றி நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டார். கிட்டப்பார்வையும் மூட்டுவலியும் வாட்டின. அலுவலகங்களில் எத்தனையோ பேர் இதே தொல்லையை அனுபவித்தார்கள். 'இதற்கு ஒரு வழி இருந்தாக வேண்டும்' என்ற கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டவர் கார்ல்சன்.

புகைப்பட வேதியியலில் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே ஆழமாக ஆராய்ந்துவருவதை உணர்ந்து, அவர் வேறு பாதையைத் தேடினார். நூலகத்தில் படித்தபோது, ஒளி படும்போது சில பொருள்களின் மின்கடத்தும் தன்மை கூடும் என்ற செய்தியும், மின்னூட்டத்தைக் கொண்டு உருவங்களைப் பதித்த ஹங்கேரி நாட்டு இயற்பியலறிஞர் பால் செலேனியின் கட்டுரையும் கண்ணில் பட்டன. தனித்தனியே கிடந்த இரண்டு செய்திகளும் அவர் மனத்தில் ஒன்றோடொன்று பொருந்தின.

அஸ்டோரியாவில் அந்த நாள்

1938 அக்டோபர் 22. நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறு வாடகை அறை. உடன் இருந்தவர் ஓட்டோ கோர்னை என்ற இயற்பியலறிஞர். கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். கண்ணாடித் துண்டு ஒன்றில் அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதித் தகட்டின்மேல் வைத்து, சில விநாடிகள் விளக்கொளியைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் கந்தகம் மின்னைக் கடத்த, அங்கிருந்த மின்னூட்டம் தகட்டுக்குள் வடிந்துவிட்டது. மை மறைத்த இடத்தில் மட்டும் அது தங்கியது. மேலே லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் நுண்ணிய வித்துத்தூளைத் தூவி ஊதியதும், எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டிக்கொண்டது! அதை மெழுகுத் தாளில் ஒற்றிச் சூடாக்கியபோது உலகின் முதல் ஜெராக்ஸ் படி பிறந்தது. இன்று கடைகளில் உள்ள பொறிகளிலும் அடிப்படைத் தத்துவம் இதுவே.

பணம் எப்போது வந்தது?

மறுநாளே அவர் கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று எண்ணாதீர்கள். 1939 முதல் 1944 வரை இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த முறையை ஏற்க மறுத்தன. ஐ.பி.எம்., ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களும் அவற்றில் அடங்கும். மங்கலான ஒரு சிறு படியில் எதிர்காலத்தைப் பார்க்க அவர்களால் இயலவில்லை.

1944-இல் பாட்டெல் நினைவு ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. அங்கிருந்த ஆய்வாளர்கள், கந்தகத்தைவிடச் செலினியம் மிகச் சிறப்பாக வேலை செய்வதைக் கண்டறிந்தார்கள். பிறகு ஹாலாய்டு என்ற சிறு நிறுவனம் துணிந்து முதலீடு செய்தது. பின்னாளில் ஜெராக்ஸ் எனப் பெயர் மாறியது இந்நிறுவனந்தான். அலுவலகங்களில் பெருவெற்றி பெற்ற '914' என்ற பொறி அறிமுகமானது 1959-இல். முதல் படிக்கும் இந்தப் பொறிக்கும் இடையே 21 ஆண்டுகள்! கார்ல்சன் பெருஞ்செல்வர் ஆனார். ஏறத்தாழ 10 கோடி டாலரை அறப்பணிகளுக்கு வழங்கிவிட்டு, 1968-இல் மறைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவரைப் படைப்பாளி ஆக்கியது இயற்பியல் அறிவு. ஆனால் அந்தப் படைப்பின் பயன் பிறர் கைக்குப் போகாமல் காத்தது, சலிப்பூட்டும் அலுவலக வேலையில் கற்ற காப்புரிமை அறிவு. பயனற்றது என்று நாம் கருதும் கல்வியும் ஒரு நாள் கைகொடுக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. எனவே ஒரே இரவில் பத்து முறை படிப்பதைவிட, நாள்களை இடைவெளி விட்டுப் படிப்பது மேல். மேலும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்கள், திரும்பத் திரும்பப் படிப்பவர்களைவிட ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவு வைத்திருப்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மக்கள் எதற்குச் சிரமப்படுகிறார்கள், எதற்கு வரிசையில் நிற்கிறார்கள், எது அடிக்கடி பழுதாகிறது என்பதை எழுதுங்கள். பிறர் தொல்லையைத் தீர்ப்பதற்குத்தான் உலகம் பணம் தருகிறது.

மூன்றாவது, உங்கள் பாடத்துக்கு வெளியேயும் படியுங்கள். விடை அடுத்த அலமாரியில் இருக்கக்கூடும்.

நான்காவது, விடை தெரியாத கேள்வியைக் கைவிடாதீர்கள், சற்றே ஒதுக்கிவையுங்கள். ஆயத்தம், உள்ளுறைதல், ஒளிர்தல், சரிபார்த்தல் எனப் படைப்புச் சிந்தனைக்கு நான்கு நிலைகள் உண்டு என்று கிரகாம் வாலஸ் 1926-இல் எழுதினார். 'ஒளிர்தல்' பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஆயத்தம் இல்லாத மனத்தில் ஒளிர்வதற்கு ஏதும் இராது.

முயன்றவர் எல்லாரும் கார்ல்சனைப் போலச் செல்வர் ஆவார்கள் என்று சொல்ல இயலாது. உதவ ஒரு நிறுவனமும், துணிய ஒரு முதலாளியும், காலமும் கூடிவர வேண்டும். அவை நம் கையில் இல்லை. ஆனால் வாய்ப்பு வரும் நாளில் அதை அடையாளம் காணும் மனத்தை ஆக்கிக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு குறிப்பேடு, ஒரு நூலகம், நாள்தோறும் ஒரு மணி நேரம். இன்றே தொடங்கலாமே!