நிறுவிய அப்டேட் ஓடுகிறதா?

சர்வரில் அப்டேட் நிறுவப்படுவது வேறு, அது செயலுக்கு வருவது வேறு. வட்டில் புதிய கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும். நினைவகத்தில் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, புதிய பதிப்பை ஏற்றிய பிறகும், அதைப் பயன்படுத்தும் சேவைகளை ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை அடைபடவில்லை.

அப்டேட் போய்ச் சேர்ந்ததா என்ற சரிபார்ப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் சாட்சி. 2017 மார்ச் 7 அன்று அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணைய மென்பொருளில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. 48 மணி நேரத்துக்குள் நிறுவும்படி நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் போனது. மார்ச் 15 அன்று நடந்த ஸ்கேனில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. ஆனால் வாடிக்கையாளர் முறையீட்டுத் தளத்தில் பழைய பதிப்பே இருந்தது. மே மாதம் அதன் வழியே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின.

சரிபார்ப்பின் முதல் படி பட்டியல். எந்த சர்வரில் எந்த மென்பொருள் என்ற கணக்கில் விடுபட்டது, சோதனையிலும் விடுபடும். அடுத்தது பதிப்பு எண். லினக்ஸ் சர்வரில் நிறுவப்பட்ட கெர்னல் 5.15.0-91, ஓடும் கெர்னல் 5.15.0-88 என்று காட்டினால், ரீபூட் பாக்கி என்று பொருள். பிறகு லாக்கில் பிழை பதிவாகியுள்ளதா என்று பார்த்து, லாகின், பணம் செலுத்துதல் போன்ற சேவைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியாக ஓட்டை தேடும் ஸ்கேன். அது எல்லா சர்வரையும் தொட்டதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

இதில் அலட்சியம் காட்டினால் பாதிக்கப்படுவது பொதுமக்கள். ஈக்விஃபேக்ஸ் வழக்கில் 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இழப்பீட்டுக்கும் இலவசக் கடன் கண்காணிப்புக்கும் அவர்கள் உரிமை பெற்றார்கள். இந்தியாவில், சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த உத்தரவு. படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. தக்க பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி செய்கிறது.

தரவு கசிந்ததாக அறிவிப்பு வந்தால், பாதிக்கப்பட்டவர் அதைப் பத்திரப்படுத்தி, பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் புகார் செய்ய வேண்டும்.