மூளைக்குள் ஒரு மணிக்கூடு

மாணவர்களே, கற்பிட்டி, உடப்பு போன்ற கரையோரக் கிராமங்களில் இரவு வேளையில் வள்ளங்கள் கடலுக்குச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். இரவு முழுவதும் தொழில் செய்து காலையில் கரை திரும்பும் ஒருவர், களைப்பு இருந்தும் பகலில் நன்றாக உறங்க முடியாமல் புரள்வதுண்டு. வெயிலும் சத்தமும் மட்டும் இதற்குக் காரணமல்ல. அவரது மூளையிலுள்ள மணிக்கூடு இன்னும் பகலைப் பகலாகவே கணிக்கின்றது.

1. நாளாந்தச் சந்தம்

ஏறத்தாழ 24 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை உடலில் மீண்டும் மீண்டும் நிகழும் மாற்றங்கள் நாளாந்தச் சந்தம் எனப்படும். உறக்கம், உடல் வெப்பநிலை, ஓமோன் சுரப்பு என்பன இதற்கு உதாரணங்களாகும்.

வெளிச்சம் இல்லாவிட்டாலும் இச்சந்தம் நின்றுவிடுவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவரது குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகின்றது. இருண்ட குகையில் அடைத்து வைக்கப்பட்ட வௌவால்கள், சுதந்திரமாகப் பறந்து திரியும் ஏனைய வௌவால்கள் அருகில் இருந்தபோது அவற்றின் நேரத்தையே பின்பற்றின. தனித்து விடப்பட்டபோது அவற்றின் சந்தம் தொடர்ந்தது. ஆனால் வெளியுலக நேரத்திலிருந்து சிறிது சிறிதாக விலகியது. ஆகவே மணிக்கூடு உடலின் உள்ளே உள்ளது. அதைச் சரிசெய்யும் குறிப்பு வெளியிலிருந்து வருகின்றது.

2. மணிக்கூடு எங்கே உள்ளது?

முலையூட்டிகளில் பிரதான மணிக்கூடு மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. இது எஸ்.சி.என். எனச் சுருக்கமாக அழைக்கப்படும். சுண்டெலியில் இதில் ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் உள்ளன.

1990இல் வெளியான ஒரு பரிசோதனையில், 20 மணித்தியாலச் சந்தமுடைய ஹாம்ஸ்டர் ஒன்றின் இப்பகுதி, தனது எஸ்.சி.என். அகற்றப்பட்ட வேறொரு ஹாம்ஸ்டருக்கு மாற்றப்பட்டது. பெற்றுக்கொண்ட விலங்கும் 20 மணித்தியாலச் சந்தத்தையே காட்டியது.

3. ஒரே மணிக்கூடு, வெவ்வேறு பகுதிகள்

இங்குள்ள கலங்கள் யாவும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

அ) உட்பகுதி: விழித்திரையிலிருந்து வரும் ஒளிச் செய்தியை இதுவே முதன்மையாகப் பெறுகின்றது. இங்குள்ள பல கலங்கள் வி.ஐ.பி. என்னும் பதார்த்தத்தைச் சுரந்து ஏனைய கலங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன.

ஆ) ஓட்டுப் பகுதி: உட்பகுதியைச் சூழ்ந்துள்ளது. இங்குள்ள பல கலங்கள் வாசோபிரெசினை உண்டாக்குகின்றன. இவற்றின் சந்தம் வலிமையானது.

கலங்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் சொந்த வேகத்தில் இயங்கும். வள்ளத்தில் துடுப்பு வலிப்போர் ஒரே தாளத்தில் வலித்தாற்றான் வள்ளம் நேராகச் செல்லும். அதுபோலக் கலங்கள் தமக்கிடையே செய்தி பரிமாறி ஒன்றிணையும்போதே தெளிவான சந்தம் கிடைக்கின்றது.

4. நேரம் மாற ஏன் நாட்கள் எடுக்கின்றன?

எலிகளுக்கு ஒளி, இருள் நேரங்களைத் திடீரென மாற்றியபோது உட்பகுதி விரைவாகப் புதிய நேரத்துக்கு வந்தது. ஓட்டுப் பகுதிக்கோ பல நாட்கள் தேவைப்பட்டன. அதுவரை இரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று இணங்காமல் இருந்தன. உறக்க நேரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாமைக்கு இது ஒரு காரணமாகும்.

5. உங்களுக்கு இதனால் என்ன பயன்?

பரீட்சைக் காலத்தில் விடியும்வரை விளக்கொளியில் படித்தால் இரவு ஒளி மணிக்கூட்டைப் பிந்தச் செய்யும். பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் நேரத்தோடு படுத்தால் உறக்கம் வராது. காலையில் வினாத்தாள் முன்னே இருக்கும்போது மூளை உறக்க நேரத்திலேயே இருக்கும். எனவே ஓரிரு வாரங்களுக்கு முன்பிருந்தே ஒழுங்கான நேரத்தில் உறங்குங்கள். எழுந்தவுடன் சிறிது நேரம் வெளியே காலை வெளிச்சத்தில் நில்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வௌவால் ஆய்விலிருந்து பெறப்படும் இரு முடிவுகளைத் தருக.
2. உட்பகுதி, ஓட்டுப் பகுதி ஆகியவற்றுக்கிடையே இரு வேறுபாடுகளை எழுதுக.
3. இரவுத் தொழிலிலிருந்து பகல் தொழிலுக்கு மாறும் ஒருவர் சில நாட்கள் சோர்வடைவது ஏன் என விளக்குக.