ஆண் காடைக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது?

வீட்டில் நாலைந்து காடை வளர்க்கிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தீவனம் பற்றியோ நோய் பற்றியோ இல்லை. "வாங்கும்போது சாதுவா இருந்துச்சுங்க. இப்போ ஒண்ணை ஒண்ணு கொத்தியே கொன்னுடும்போல இருக்கு. மூக்கை வெட்டிவிடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வெட்ட வேண்டாம். அலகின் உள்ளே நரம்பு ஓடுகிறது. வெட்டினால் வலிக்கும், தீனி பொறுக்கவும் சிரமப்படும். அதைவிட முக்கியம், சண்டைக்கான காரணம் கூண்டிலேயே அப்படியே இருக்கும். பூச்சி வந்ததும் மருந்தைத் தேடாமல், ஏன் வந்தது என்று மண்ணைப் பார்க்கிறோம் இல்லையா? இங்கேயும் அதே வழிதான்.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஆனால் காடைச் சண்டை நமக்குப் புதுசு இல்லை. காடைக்குப் 'பூழ்' என்று பழைய பெயர் உண்டு. காடையைப் போருக்கு விட்டு வெல்வதைப் 'பூழ் வென்றி' என்று புறப்பொருள் வெண்பாமாலை தனித் துறையாகவே வைத்திருக்கிறது. போட்டி ஆணைக் கண்டால் பாய்வது அதன் இயல்பு. தோற்ற காடை காட்டில் ஓடிப் புதரில் ஒளிந்துகொள்ளும். கூண்டில் எங்கே ஓடும்? அதனால்தான் சின்னச் சண்டைகூடச் சாவில் முடிகிறது.

ஜோடிக் கணக்கு வேண்டாம்

பெரும்பாலான வீடுகளில் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. புறா, கிளி வாங்குகிற பழக்கத்தில் காடையையும் "ரெண்டு ஜோடி கொடுங்க" என்று வாங்கி வருகிறோம். காடைக்கு ஜோடிக் கணக்கு ஒத்துவராது. 6, 7 வாரத்தில் ஆண் பருவத்துக்கு வந்துவிடும். இணையும்போது பெட்டையின் பிடரி இறகைக் கவ்வித்தான் ஏறும். ஒரே பெட்டை இருந்தால் நாள் முழுக்க அதற்குத்தான் தொல்லை. பிடரி வழுக்கையாகி, தோல் கிழிந்து ரத்தம் வரும். இரண்டு ஆண் இருந்தால் தொல்லையோடு சண்டையும் சேரும்.

ஓர் ஆணுக்கு 4, 5 பெட்டை இருக்கட்டும். குஞ்சு பொரிக்க நினைப்பவருக்கும் இதுவே போதும். சமையலுக்கு முட்டை மட்டும் போதும் என்றால் ஆணே தேவையில்லை. ஆண் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்.

ஆண், பெண் அடையாளம் 3 வாரத்திலேயே தெரியும். ஆணுக்கு மார்பு செம்பழுப்பாக, புள்ளி இல்லாமல் இருக்கும். பெட்டைக்குச் சாம்பல் கலந்த மார்பில் கரும்புள்ளிகள். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் உதவாது. பருவம் வந்த பிறகு, எச்சத் துவாரத்துக்கு மேலே உள்ள புடைப்பை மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வரும், அது ஆண்.

இடமும் மறைவும்

சதுர அடிக்கு 5 காடை என்று சொல்வது, 5 வாரத்தில் கறிக்குப் போகிற காடைக்கான கணக்கு. நம் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கப்போகிற காடைக்குச் சதுர அடிக்கு இரண்டு போதும். கூண்டுக்குள் தென்னை ஓலைத் துண்டு, சாய்த்து வைத்த ஓடு, கவிழ்த்த உடைந்த சட்டி என்று ஏதாவது வையுங்கள். ஒன்றின் கண்ணிலிருந்து இன்னொன்று மறைந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருந்தால் வலுத்தது மறித்துக்கொண்டு நிற்கும். ஒரு தட்டில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் புரண்டு குளிக்கும். பொழுது அதில் போனால் கொத்துவது குறையும்.

வெளிச்சத்தைக் குறையுங்கள்

"வெளிச்சம் இருந்தால் முட்டை கூடும்" என்று கேள்விப்பட்டு ராத்திரியெல்லாம் பல்பு எரிய விடுகிறார்கள். நீண்ட வெளிச்சம் பெட்டைக்கு முட்டையைத் தூண்டுவது போலவே ஆணுக்கு விதைப்பையையும் வளர்க்கும், முறுக்கும் கூடும். பண்ணையில் முட்டைக்காக 16 மணி நேர வெளிச்சம் தருவது உண்டு. வீட்டுக்கு இயற்கைப் பகல் போதும். முட்டை கொஞ்சம் குறையும், கூண்டு அமைதியாக இருக்கும். ரொம்ப முரண்டு பிடிக்கிற ஆணைத் தனியாகப் பிரித்து, தினமும் 8 மணி நேரம் மட்டும் வெளிச்சம் கொடுத்தால் சில வாரத்தில் விதைப்பை சுருங்கி வேகம் அடங்கும். மூடுகிற சாக்கில் காற்றோட்டம் மட்டும் கெடக்கூடாது.

தீனியில் குறை இருக்கா?

ஆண், பெண் பேதமில்லாமல் எல்லாமே இறகைக் கொத்தித் தின்றால் அது சண்டை இல்லை. தீனிக் குறையாக இருக்கலாம். வெறும் கம்பும் நொய்யும் போட்டால் காடைக்குப் புரதம் பத்தாது. முட்டையிடும் காடைக்குத் தீனியில் சுமார் 20 சதம் புரதம் வேணும். கரையான், அசோலா, பூஞ்சணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள் எல்லாம் நம் கைக்கு எட்டுகிறவைதான்.

அடிபட்டுவிட்டால்

ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் வந்து கொத்தும். அதனால் காயம்பட்டதை அந்த நிமிடமே தனியே எடுங்கள். காயத்தைக் கழுவி, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். கண்ணில் அடி என்றால் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஆறிய பறவையை அப்படியே திரும்ப உள்ளே விட்டால் புதுசாக வந்ததாக நினைத்து அடிக்கும். ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்குங்கள். பிறகு கூண்டுக்குள் இருக்கிற ஓலை, சட்டியை இடம் மாற்றிவிட்டு, சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விடுங்கள். அடுத்த நாள் காலையில் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

கையைக் கொத்துகிற ஆணும் உண்டு. மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து இறங்குவது மாதிரி. பக்கவாட்டில், தாழ்வாகக் கையைக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் 17, 18 நாள் அடை வைத்துக் குஞ்சு எடுத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் இருக்கும். அந்த ஆண்களை என்ன செய்வது என்று முட்டை வைக்கும் முன்பே முடிவு பண்ணுங்கள். கறிக்கு என்றால் 5, 6 வாரத்தில், சண்டை தொடங்கும் முன்பே எடுத்துவிடலாம். பிள்ளைகள் பேர் வைத்துக் கொஞ்சுகிற காடை என்றால், கூடப் பிறந்த ஆண்களைப் பெட்டை கண்ணில் படாத தூரத்தில் தனிக் கூண்டில் சேர்த்து வையுங்கள். அப்போதும் ஒன்று அடங்கவில்லையா, அதற்குத் தனிக்கூண்டுதான். இரண்டுக்கும் இடமில்லை என்றால் அந்த முறை அடை வைக்காதீர்கள். முட்டையை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.