கையில மூலிகை டீ இருக்கும்போது கையெழுத்து போடாதீங்க!



இன்னிக்கு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். அடுத்தவங்க பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான், சில வருஷங்களுக்கு முன்னாடி குமுளியில ஒரு ஆயுர்வேத மசாஜ் சென்டர்ல, கையில சூடா ஒரு கப் மூலிகை டீயை வெச்சுக்கிட்டு, ரெண்டே நிமிஷத்துல 12,390 ரூபாய்க்குக் கார்டைத் தேய்ச்சேன். அதுல பாதிக்கு மேல வீண்.

அதனால "ஸ்பாவுக்கே போகாதீங்க, காசை மிச்சம் பிடிங்க"ன்னு நான் சொல்லப் போறேன்னு நினைச்சா, இல்லை. போங்க. நல்லா அனுபவிங்க. அந்த டீயையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிங்க. ஆனா பணம் பத்தின முடிவை எப்ப எடுக்கணும்ங்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல் தடவை என்ன நடந்தது?

ஆடிட் சீசன் முடிஞ்ச நேரம். ரெண்டு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு முன்னாடி வீட்டுக்குப் போனதில்லை. கழுத்தைத் திருப்பினா நெட்டி முறியற சத்தம் பக்கத்து சீட்டுக்கே கேட்கும். ஆபீஸ் தோழிங்க நாலு பேர் சேர்ந்து தேக்கடிக்குக் கிளம்பினோம்.

குமுளி உங்களுக்குத் தெரியும். நம்ம கம்பத்துலேர்ந்து மலை ஏறினா தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டின உடனே வர்ற ஊர். ஒரு கடை ஏலக்காய் விக்கும், அடுத்த கடை சாக்லேட், அதுக்கடுத்த போர்டு 'ஆயுர்வேத மசாஜ்'. கடைக்காரங்க பாதிப் பேர் நம்மகிட்ட தமிழ்லயே பேசுவாங்க.

விலைப் பட்டியல்ல அப்யங்கம் ஒரு மணி நேரம் 2,000 ரூபாய்னு போட்டிருந்தது. அப்யங்கம்னா வேற ஒண்ணுமில்லை, உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் வெதுவெதுப்பான மூலிகை எண்ணெய் தேய்ச்சு விடறது. மரக்கட்டில், பக்கத்துல சின்ன அடுப்புல சூடாகுற தைலம், ஜன்னலுக்கு வெளியே மழைச் சத்தம். பத்தாவது நிமிஷம் நான் தூங்கிட்டேன். அப்புறம் ஒரு மரப்பெட்டிக்குள்ள உட்கார வெச்சு, தலையை மட்டும் வெளியே விட்டு ஆவி பிடிக்க வெச்சாங்க. வெளியே வந்தப்போ உடம்புல எலும்பே இல்லாத மாதிரி இருந்தது. ரெண்டு மாசத்துல முதல் தடவையா மனசுக்குள்ள எந்த எக்ஸெல் ஷீட்டும் ஓடலை.

வரவேற்பறையில சாய்வு நாற்காலி. சுக்கும் ஏலக்காயும் துளசியும் போட்ட டீ வந்தது. ரெண்டு வாய் குடிச்சிருப்பேன். மேனேஜர் ஒரு லேமினேட் பண்ணின அட்டையோட வந்து எதிர்ல உட்கார்ந்தார்.

"மேடம், கழுத்து ரொம்ப டைட்டா இருக்குன்னு தெரபிஸ்ட் சொன்னாங்க. ஒரு சிட்டிங்ல சரியாகாது. ஏழு சிட்டிங் பேக்கேஜ் எடுத்தா 14,000 ரூபாய் 10,500-க்குக் கிடைக்கும். இன்னிக்கு எடுத்ததும் அதுலயே அடங்கும். ஒரு வருஷம் வேலிடிட்டி."

நான் அந்த ஊர்ல இருக்கப் போறது இன்னும் ஒரே நாள்தான். அது எனக்கே தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

கணக்கைப் பார்ப்போம்

பேக்கேஜ் 10,500. அப்போ இருந்த 18% ஜிஎஸ்டி 1,890. மொத்தம் 12,390 ரூபாய்.

நான் பயன்படுத்தினது அன்னிக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணு, ஆக ரெண்டு சிட்டிங். பேக்கேஜ் இல்லாமலே ரெண்டு தடவை எடுத்திருந்தா, வரியோட சேர்த்து 4,720 ரூபாய்தான் ஆகியிருக்கும். 25% தள்ளுபடின்னு நினைச்சு நான் கூடுதலா விட்டது 7,670 ரூபாய். ஒரு சிட்டிங்குக்கு 2,360 ஆக வேண்டிய இடத்துல 6,195 கொடுத்திருக்கேன்.

மறுபடி அங்கே போகவே முடியலை. போன் பண்ணிக் கேட்டதுக்கு, "ரீஃபண்ட் கிடையாது, பில்லுக்குப் பின்னாடியே எழுதியிருக்கு"ன்னாங்க. திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தது.

இந்த 7,670 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டுல போட்டிருந்தா முப்பது வருஷத்துல எவ்வளவு ஆகியிருக்கும்னு நான் கணக்குப் போடப் போறதில்லை. அந்த மாதிரி கணக்கு உங்களைக் குற்ற உணர்ச்சியில தள்ளுமே தவிர, அடுத்த தடவை காப்பாத்தாது. நான் ஏன் தலையை ஆட்டினேன்ங்கிறதுதான் முக்கியம்.

மசாஜுக்கு முன்னாடி இதே அட்டையை நீட்டியிருந்தா நான் நூறு கேள்வி கேட்டிருப்பேன். மசாஜ் முடிஞ்சு, உடம்பு தளர்ந்து, எதிர்ல இருக்கிற எல்லாரும் நல்லவங்களாத் தெரியற நேரத்துல எனக்கு ஒரு கேள்விகூட வரலை. நாம ஸ்பாவுக்குப் போறதே மூளையைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கத்தான். அணைச்சு வெச்சிருக்கிற மூளையால செலவு முடிவு எடுத்தா இப்படித்தான் ஆகும்.

அந்த மேனேஜர் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. பேக்கேஜ் விக்கிறது அவர் வேலை. எப்ப வாங்கணும்னு முடிவு பண்றது என் வேலை, அதை நான் செய்யலை.

ரெண்டாவது தடவை: அம்மாவோட

சமீபத்துல மறுபடி குமுளிக்குப் போனேன். இந்தத் தடவை மதுரையிலேர்ந்து அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாற்பது வருஷமா வீட்டு வேலை செஞ்சு தேய்ஞ்ச முழங்கால் அவங்களுக்கு. வாழ்க்கையில அடுத்தவங்க கையால எண்ணெய் தேய்ச்சுக்கிட்டது, கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டி தேய்ச்சு விட்டதோட சரி.

விலைப் பட்டியலைப் பார்த்ததும் அம்மா, "ஏண்டி, எண்ணெய் தேய்க்கவா 2,200 ரூபா? தீபாவளிக்கு நான் உனக்குச் சும்மாவே தேய்ச்சு விடுறேனே!"

"உனக்கு யாரும்மா தேய்ச்சு விடுறா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்லை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துட்டாங்க.

இந்தத் தடவை வேற இடம். போர்டைப் பார்த்து உள்ளே நுழையலை. ஊர்லேர்ந்தே ரெண்டு இடத்துக்குப் போன் பண்ணி விலை கேட்டேன். கட்டிலில் படுக்கிறதுக்கு முன்னாடியே, "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேர அப்யங்கம் மட்டும். பேக்கேஜ், தைலம் எதுவும் வேண்டாம்"னு சொல்லிட்டு, பில்லைப் போடச் சொல்லி முன்கூட்டியே பணத்தைக் கட்டிட்டேன். ரெண்டு பேருக்கு 4,400, ஜிஎஸ்டி 5% 220, மொத்தம் 4,620. தெரபிஸ்ட் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 200 ரூபாய் டிப்ஸ், பர்ஸ்ல தனியா எடுத்து வெச்சாச்சு. ஆக 5,020 ரூபாய்.

ஒரு மணி நேரம் கழிச்சு அம்மா வெளியே வந்தாங்க. முகம் அப்படியே எண்ணெய்ப் பளபளப்பு. எதுவும் பேசலை. டீ வந்தது. கூடவே "முட்டி வலிக்கு 14 நாள் பேக்கேஜ்" அட்டையும் வந்தது. எனக்கு இந்தத் தடவை சிரிப்புதான் வந்தது. "இன்னிக்கு எதுவும் முடிவு பண்ணலைங்க, விவரத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

அம்மா கப்பை முகர்ந்து பார்த்து, "சுக்கு, ஏலக்காய், துளசி, கருப்பட்டி. இதுக்கா அங்க ஒரு பாக்கெட்டு வெச்சு விக்கிறான்?"னு கேட்டாங்க. திரும்பி வர்ற வழியில கடைவீதியில பேரம் பேசி ஏலக்காய் வாங்கிக்கிட்டாங்க. பஸ்ல கம்பம் வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க. அம்மா பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்லை.

5,020 ரூபாய்ல ஒரு ரூபாகூட எனக்கு வலிக்கலை.

நீங்க போகும்போது பார்க்க வேண்டியது

1. ஓய்வா, சிகிச்சையா? ரெண்டும் ஒரே எண்ணெய்தான், ஆனா பணக் கணக்கு வேற. அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ, மருத்துவமனையோ கொடுக்கிற ஆயுர்வேத சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஓய்வுக்காக எடுக்கிற மசாஜுக்கு வரி உண்டு. நிஜமாவே முட்டி வலி, முதுகு வலி இருந்தா, முதல்ல மருத்துவர்கிட்ட போங்க. வரவேற்பறையில அட்டையைப் பார்த்து சிகிச்சையை முடிவு பண்ணாதீங்க. "சுகர், பிரஷர் மாத்திரையே வேண்டாம்"னு யாராவது சொன்னா, டீயை வெச்சுட்டு எழுந்து வந்துடுங்க.

2. பில்லைப் படிங்க. 22 செப்டம்பர் 2025-லேர்ந்து சலூன், ஸ்பா, ஜிம் மாதிரி சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18%-லேர்ந்து 5% ஆகிடுச்சு. பில்லுல இன்னும் 18% இருந்தா கேளுங்க. கேரளா பில்லுல ஜிஎஸ்டி எண் 32-ன்னு ஆரம்பிக்கும், தமிழ்நாடுன்னா 33. எண்ணே இல்லாம "ஜிஎஸ்டி"ன்னு ஒரு தொகை மட்டும் இருந்தா, அதைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஜிஎஸ்டியில பதிவு பண்ணாத கடை வரி வசூலிக்கவே கூடாது.

3. இன்ஷூரன்ஸ்ல கிடைக்கும்னு நம்பாதீங்க. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி எடுக்கிற ஆயுர்வேத சிகிச்சைக்குப் பல பாலிசிகள்ல கவர் இருக்கு. ஆனா ஸ்பா மாதிரி இடங்கள்ல எடுக்கிறது, ஹெல்த் பாலிசியோட வழக்கமான விலக்குப் பட்டியல்லயே இருக்கும்.

4. எல்டிஏ-லயும் வராது. ஆபீஸ்ல எல்டிஏ வாங்கறவங்க நிறைய பேர் ஹோட்டல் பில், ஸ்பா பில் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறாங்க. வரி விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். அதுவும் இந்தியாவுக்குள்ள போற பயணம், நாலு வருஷ பிளாக்ல ரெண்டு தடவை, பழைய வரி முறையில இருந்தா மட்டும். புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது.

5. ஈஎம்ஐ வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேர ஓய்வுக்கு ஆறு மாசம் தவணை கட்டினா, ஒவ்வொரு மாசமும் ஸ்டேட்மென்ட் வரும்போது அந்தக் கழுத்து வலி திரும்ப வரும்.

6. உடம்பையும் கவனிங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. காய்ச்சல், பிரஷர், கர்ப்பம் எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்ச கையோட மலைப்பாதையில பஸ் ஏறாம, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துட்டுக் கிளம்புங்க.

மாசம் 500 ரூபாய்

இதுக்கெல்லாம் பணம் எங்கே போறதுன்னு கேட்பீங்க. நான் மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டிருக்கேன். வருஷம் முடிஞ்சா 6,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். பேங்க் ஆப்ல அதுக்கு நான் வெச்சிருக்கிற பேர் 'அம்மா எண்ணெய்'. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்க வேண்டாம், எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். அந்தப் பணம் எதுக்குன்னு ஏற்கெனவே முடிவாகிட்டதால, செலவு பண்ணும்போது மனசும் அடிச்சுக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நம்மள்ல நிறைய பேர் ரெண்டுல ஒண்ணு பண்றோம். ஒண்ணு, ஓய்வுக்குன்னு ஒரு ரூபாய்கூட ஒதுக்காம ஓடறோம். இல்லைன்னா, ஓடி ஓடிக் களைச்சுப்போய் ஒரு நாள் கார்டை எடுத்து மொத்தமாத் தேய்ச்சுடறோம். நான் ரெண்டையும் பண்ணினவ. அந்த 12,390 ரூபாய் பில் இன்னும் என் ஃபைல்ல பத்திரமா இருக்கு.

நீங்க அடுத்த லீவுக்கு மூணாரோ, தேக்கடியோ, கோவளமோ போகும்போது, அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே பணத்தைக் கட்டிடுங்க. வெளியே வந்ததும் உங்க கையில டீ கப் மட்டும் இருக்கட்டும். பேக்கேஜ் நிஜமாவே நல்லா இருந்தா, மறுநாள் காலையில காபி குடிச்ச பிறகும் அது நல்லாத்தான் இருக்கும். அப்பப் போய் வாங்கிக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். முடிஞ்சா ஒரு தடவை அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கிட்டுப் போங்க. விலையைக் கேட்டா கண்டிப்பா திட்டுவாங்க. திட்டட்டும், செருப்பைக் கழட்டுற வரைக்கும்தான்.