புதிய ஊசியும் பழைய சட்டமும்

தொற்றுநோய்ச் சட்டம் என்றவுடன் இலங்கையர் மனத்தில் எழுவது தனிமைப்படுத்தலே. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் கப்பலை மறிக்கவும், வீட்டை மூடவும், நோயாளியைப் பிரித்து வைக்கவும் வழி செய்தது. முந்திய ஆண்டிற் பம்பாயிற் பரவிய கொள்ளைநோய் ஆசியத் துறைமுகங்களையெல்லாம் அச்சுறுத்திய காலம் அது. நூற்றிருபது ஆண்டுகட்கு மேற் கழிந்து, 2020இற் கொரோனா நோய் பரவியபோதும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அச்சட்டமே கைக்கொள்ளப்பட்டது. நோயுற்றவன் வெளிப்படையாக வாழுமிடத்து இம்முறை பயன் தரும். அவன் சட்டத்துக்கே அஞ்சி மறைந்து வாழ்பவனாயின் யாது செய்வது? ஊசி மாற்றுத் திட்டம் இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததாகும்.

போதைப்பொருளை நாளத்திற் செலுத்திக்கொள்வோர் ஓர் ஊசியைப் பலராகப் பகிர்வதுண்டு. ஊசியின் துளையிலும் குழலின் அடியிலும் கண்ணுக்குப் புலப்படாத அளவு குருதி தங்கிவிடும். எச்.ஐ.வி. கிருமியும், ஈரலழற்சியை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகளும் அக்குருதி வழியே அடுத்தவர் உடலிற் புகுகின்றன. பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு கிருமியற்ற புதியதை வழங்கினால் அவ்வழி அடைபடும். பெற்ற ஊசிகள் பாதுகாப்பாக அழிக்கப்படுவதால், அவை தெருவிற் கிடந்து பிள்ளைகளின் காலைக் குத்தமாட்டா. ஊசி மாற்ற வருபவன் நாளடைவிற் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இணங்கி வருதல் இன்னொரு பயன். அதுவே பெரும்பயன் எனலும் தகும். 1984இல் அம்ஸ்ரடாம் நகரில் இம்முறையைத் தொடக்கியோர் மருத்துவர் அல்லர், போதைக்கு ஆட்பட்டோரின் சங்கத்தினரே. அன்று அவர்கள் அஞ்சியது எயிட்ஸ் நோயையன்று, ஈரலழற்சியை.

ஊசி கொடுத்தல் போதையை ஊக்குவதாகாதா எனும் தடை இயல்பானது. ஆசிரியரும் பெற்றோரும் அதனை எழுப்பாதிருப்பின் அதுவே வியப்பாகும். ஆயின், ஊசி அரிதானால் போதை ஒழியும் எனும் எண்ணம் எடின்பரோ நகரிற் பொய்த்தது. 1980களின் முற்பகுதியில் அங்கே பொலிசார் ஊசிகளைப் பறித்தனர். மருந்துக்கடைக்காரர் விற்பனையைக் கைவிட்டனர். அதனால் ஓர் ஊசி பல கைகளுக்கு மாறிற்று. 1986இல் வெளியான ஆய்வின்படி, அந்நகரின் ஒரு மருத்துவ நிலையத்திற் சோதிக்கப்பட்ட ஊசிப் போதையாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர் எச்.ஐ.வி. தொற்றியோர். அண்டை நகராகிய கிளாஸ்கோவிலும் ஹெரோயினுக்குக் குறைவில்லை. தொற்றோ மிகச் சிறிது.

ஐரோப்பிய நகரத்தின் கதை எட்டத்தே நிற்பதாகத் தோன்றின், தமிழர் வாழும் மோரேயை நோக்கலாம். பர்மிய எல்லையில் உள்ள மணிப்பூர்ச் சிற்றூர் அது. 1960களிற் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபின் இடம்பெயர்ந்து, மீண்டும் தரைவழியே அந்நாடு புக முயன்று, எல்லையிலே தங்கிவிட்ட தமிழரின் வழியினர் அங்கே அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்து வாழ்கின்றனர். பண்டங்கள் வந்த அவ்வெல்லை வழியே ஹெரோயினும் வந்தது. 1989ஆம் ஆண்டின் பெரும்பகுதி வரை மணிப்பூரின் ஊசிப் போதையாளரிடம் தொற்றுக் காணப்படவில்லை. அதன்பின் ஏறக்குறைய ஆறே மாதங்களிற் சோதிக்கப்பட்டோரிற் பாதிப்பேரிடம் அது காணப்பட்டது. 1996இல் அம்மாநிலத்தின் எயிட்ஸ் கொள்கை ஊசி மாற்றத்தை ஏற்றுக்கொண்டது.

கொள்கை வேறு, சட்டம் வேறு. 1985ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருட் சட்டம் போதைப்பொருளை நுகர்தலையே குற்றமாக்கியது. குற்றமென அறிந்தும் அதற்குரிய கருவியை ஈபவன் உடந்தையாளன் ஆகானோ? சிகிச்சையை நாடி வருபவனுக்கு அச்சட்டம் ஓரளவு விலக்கு அளித்திருந்தது. அவனுக்கு ஊசி கொண்டு செல்லும் ஊழியனுக்கோ அத்தகைய காப்பு இல்லை. தெருவில் நிற்கும் பொலிஸ்காரன் கொள்கை நூலைக் கற்றவனும் அல்லன்.

இச்சிக்கலை அவிழ்த்தது 2017இல் நிறைவேறி, 2018 செப்டெம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய எச்.ஐ.வி., எயிட்ஸ் சட்டமாகும். தொற்றின் இடரைக் குறைக்கும் முறைகள் குற்றமாகா, அவற்றைத் தடுத்தலும் ஆகாது என்பது அதன் 22ஆம் பிரிவின் கருத்து. அவ்வளவோடு நில்லாது அது எடுத்துக்காட்டுகளும் தருகிறது. பதிவுபெற்ற திட்டத்தின் ஊழியர் ஒருவர் பழைய ஊசிக்கு மாற்றாகப் புதியதை வழங்குதல் அவற்றுள் ஒன்று. மெக்காலே வகுத்த தண்டனைச் சட்டக்கோவையின் மரபு இது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுக் கோவையும் இம்மரபினதே. சட்டப் பிரிவின் நெடுவாக்கியத்திற் பொருள் காண மாட்டாதவனும் எடுத்துக்காட்டைப் படித்தறிவான். பதிவுபெற்ற திட்டம் என்னும் வரம்பும் கருதத்தக்கது. ஊசியைக் கண்டபடி விநியோகிப்பவனுக்கு இக்காப்பு உரியதன்று.

இலங்கையின் நிலை வேறு. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் 1984இல் மரண தண்டனையளவுக்குக் கடுமையாக்கப்பட்டது. 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமைப்பட்டோரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப வழி வகுத்தது. 22ஆம் பிரிவை ஒத்த காப்பு இவற்றில் இல்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. இத்தீவில் ஹெரோயினைப் பெரும்பாலோர் புகையாக உள்ளிழுப்பதும், எச்.ஐ.வி. தொற்றுக் குறைவாயிருப்பதும் இக்குறையை மறைத்துவிடுகின்றன. மணிப்பூரிலும் 1989இன் தொடக்கத்தில் தொற்றுத் தென்படவில்லை என்பது நினைக்கற்பாலது. போருக்குப் பின் வன்னிப் பாடசாலைகளைச் சூழ எழுந்துள்ள போதைப்பொருட் கவலையோ யாவரும் அறிந்தது.

பகைமையின் நடுவிலும் மருந்தைக் கடக்கவிட்ட பட்டறிவு வன்னிக்கு உண்டு. 1990களில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து வழங்குவதற்காகச் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. மலேரியாத் தடுப்பு ஊழியமும் நுளம்பு வலையும் இரு தரப்பினரின் இசைவோடு எல்லை கடந்தன. வலைக்குள் உறங்குபவன் எத்தரப்பினன் என எவரும் வினவவில்லை. 2012ஆம் ஆண்டுக்குப்பின் இலங்கையில் உள்நாட்டில் நிலைகொண்ட நோயாக மலேரியா காணப்படவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது.

போதைச் சிகிச்சைச் சட்டம் பிறந்த 2007ஆம் ஆண்டிலேயே நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 11ஆம் இலக்கச் சட்டமும் பிறந்தது. அதன் துணைகொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்று கிளிநொச்சியில் ஒரு வளவினுட் சென்று, ரயரிலும் சிரட்டையிலும் தேங்கிய நீரைச் சோதிக்கிறார். அவ்வளவிலேயே ஊசிப் போதையாளன் ஒருவனைக் காணின், அவன் கையிலுள்ள பழைய ஊசியை வாங்கிப் புதியதொன்றைக் கொடுத்து, நாளை வைத்தியசாலைக்கு வா எனச் சொல்ல அவருக்குத் துணைநிற்கும் பிரிவொன்று அச்சட்டங்களுள் எதிலும் இல்லை.