‘நான் தகுதியில்லாதவள்’ என்று சொல்ல வைப்பது பணிவா, பயமா?

நற்கருணை ஞாயிறு. ஆராதனை முடிகிற நேரம். ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் போய் முழங்கால்படியிடுகிறார்கள். பின் வரிசையில் ஓர் அம்மா மட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் லேசாக இடித்து, “வாங்கக்கா” என்கிறார். “நீ போ தாயி... இந்த மாசம் எனக்கு மனசு சரியில்ல” என்று முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்கிறார் அந்த அம்மா. வேறொன்றுமில்லை, முந்தின நாள் மருமகளோடு வாய்ச்சண்டை. அல்லது சீட்டுப் பணம் கட்டியவளைத் திட்டிய ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு அப்பத்தையும் ரசத்தையும் வாங்க அவருக்குப் பயம்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் எந்த ஆலயத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. தீப்பெட்டி ஒட்டுகிற, பட்டாசுக்குத் திரி வைக்கிற கைகளைக் கூப்பியபடி, ‘எனக்கு அருகதை இல்லை’ என்று வருஷக்கணக்கில் பின் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஊரும் அவர்களைப் பார்த்து, “எவ்வளவு பணிவான மனுஷி!” என்று மெச்சிக்கொள்ளும். பணிவுதானா அது?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள். கொரிந்து சபைக்கு பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11-ம் அதிகாரம். ‘அபாத்திரமாய்’ அப்பத்தைப் புசிப்பவர் குற்றவாளி ஆவார் என்று அங்கே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நம் அம்மாக்களுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ஆனால், அதற்குச் சில வரிகள் முன்னால் பவுல் எதற்காகக் கோபப்படுகிறார் என்பதை யாரும் நின்று வாசிப்பதில்லை. கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதுதான் அவருடைய ஆத்திரம். ‘அபாத்திரமாய்’ என்பது சாப்பிடுகிற விதத்தைப் பற்றிய சொல். சாப்பிடுகிற ஆளைப் பற்றியது இல்லை. பந்தியில் ஏழையை ஒதுக்கியவனுக்கு விழுந்த அடியை, ஒதுக்கப்பட்டவளே தன் முதுகில் வாங்கிக்கொண்டு இத்தனை காலமாக நடக்கிறாள்.

சிவகாசியில் உறங்கும் கேம்பிரிட்ஜ்காரர்

தகுதியின்மை என்ற உணர்வை இன்னொரு முனையிலிருந்து பார்க்க இதே சிவகாசியில் ஒருவர் இருக்கிறார். ‘குட்டி ஜப்பான்’ என்று இந்த ஊருக்குப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர். தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து. 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். மாமாவின் வணிக நிறுவனத்தில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினார். பிறகு கேம்பிரிட்ஜ் போனார். 1841-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காம் இடம். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆசிரியர் பதவியும் கிடைத்தது. அன்றைய இங்கிலாந்தில் ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதை விட்டுவிட்டு சி.எம்.எஸ். மிஷனரியாக 1846-ல் சென்னை வந்தார். அங்கேயும் அலுவலகச் செயலாளர் என்ற பெரிய பொறுப்புதான். ஆனால், தெற்கே சுற்றுப்பயணம் போனபோது ஒன்று அவர் மனதை உறுத்தியது. தென் திருநெல்வேலியில் சபைகள் பெருகியிருந்தன. வடக்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சங்கரன்கோவில் என்று விரிந்த கரிசல் காட்டுக்கு யாரும் சரியாகப் போகவே இல்லை. விருதுநகர் மாவட்டம் என்ற ஒன்று 1985-ல்தான் வந்தது. அப்போது இதெல்லாம் திருநெல்வேலி ஜில்லா.

1854-ல் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளம் குருமார்களோடு அவர் கிளம்பினார். பங்களா கட்டி உட்கார்ந்துகொண்டு ஜனங்களை வரச்சொல்லும் வழக்கத்தை மாற்றினார். கூடாரம்தான் வீடு. ஓர் ஊருக்குப் பக்கத்தில் கூடாரம் அடிப்பது, சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடந்தோ குதிரையிலோ போவது, பிறகு பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். பங்குனி, சித்திரையில் கரிசல் வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கத்திச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து மாதாமாதம் வந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் செலவை அந்தந்தச் சபைகளே கொடுத்தன. இந்த ஏற்பாடு பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. உண்மையில் அந்த உபதேசியார்கள் இல்லாமல் வெள்ளைக்காரர் மூவரும் எந்த ஊர்த் திண்ணையிலும் உட்கார்ந்திருக்க முடியாது.

ராக்லாந்து இறந்த பிறகு, 1861-ல், நண்பர் பெரோன் அவருடைய கடிதங்களைத் தொகுத்து வரலாறு எழுதினார். அதில் வெளிப்படும் மனிதர் ஆச்சரியமானவர். கணிதத்தில் நாட்டையே அசத்தியவர், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்கிற தொனியிலேயே தன்னைப் பற்றி எழுதுகிறார். தன் பிரசங்கம் போதாது, தன் அன்பு போதாது என்று ஓயாத ஆதங்கம். சில இடங்களில் வாசிக்கிற நமக்கே, ‘போதும் ஐயா, உம்மை நீரே இப்படி அடித்துக்கொள்ளாதேயும்’ என்று சொல்லத் தோன்றும்.

ஆனால், ஒரு வித்தியாசம். அந்த உணர்வு அவரைப் பின் வரிசையில் உட்கார வைக்கவில்லை. மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். வேலை வெற்றி பெற எத்தனையோ திட்டங்கள் சொல்லப்பட்டாலும், கோதுமை மணி மண்ணில் விழுந்து சாவதுபோல் தன்னைக் கொடுப்பதுதான் நிச்சயமான வழி என்று அவர் எழுதினார். 1858 அக்டோபர் 22-ம் தேதி, சிவகாசியில் நுரையீரலிலிருந்து ரத்தம் பீறிட்டு, சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. வயது 43. கணக்குப் போட்டுக் காட்டும்படி பெரிய அறுவடை எதையும் அவர் பார்க்கவில்லை. சபைகள் வளர்ந்தது பின்னால்தான்.

தானாக இறங்குவதும் தள்ளிவிடுவதும்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்து கூடாரத்துக்கு இறங்கியவரைப் பார்த்து உலகம் ‘தாழ்மை’ என்றது. அதே கரிசல் காட்டில் பிறந்ததிலிருந்தே குடிசையில் இருந்தவனை யாரும் அப்படிச் சொல்லவில்லை. தானாக ஒருவர் இறங்கி வருவது ஒன்று, பிறர் ஒருவரைக் கீழே தள்ளிவைப்பது வேறொன்று.

கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக இந்தச் சிவகாசி 1899-ல் பற்றி எரிந்ததை மறக்க முடியுமா? ‘நீ தகுதியில்லாதவன்’ என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நிறைந்த மண் இது. கிறிஸ்தவ ஆலயங்களும் கை கழுவிவிட முடியாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-லேயே கண்டிப்பாக எழுதினார். ஆனாலும் தெற்கே வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தே கத்தோலிக்க ஆலயம் எழும்பியது. 1910-ல்தான் உள்ளே இருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்று ‘ஆண்டவரே, நான் பாத்திரன் அல்ல’ என்று ஜெபித்தவருடைய மனதில், அந்தச் சொல் கடவுளிடம் சொன்னதா, பக்கத்தில் நின்ற மனிதனிடம் சொன்னதா என்பது எப்படிப் பிரிந்திருக்கும்?

இந்த உணர்வு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னாசியாரே சாட்சி. தெற்கே தெருவுக்கு ஒரு இன்னாசிமுத்து இருக்கிறாரே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான லொயோலா இஞ்ஞாசியார்தான். 1522-ல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்தார். ஒவ்வொரு தடவையும் ‘ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன்’ என்ற நமைச்சல். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்குப் போனார். ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு அதட்டிய பிறகுதான் வாயில் உணவு வைத்தார். கடைசியில் ஒன்று அவருக்குத் தெளிந்தது. இந்த அரிப்பு கடவுளிடமிருந்து வரவில்லை. அதோடு பழைய பாவங்களைக் கிளறுவதை நிறுத்தினார். பிற்பாடு தன் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இந்த மனச்சஞ்சலத்துக்கென்றே தனிக் குறிப்புகள் எழுதினார்.

அப்படியானால் ‘நான் தகுதியற்றவன்’ என்று ஆலயத்தில் சொல்வதையே விட்டுவிடலாமா? அங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் சொல்லும் அந்த ஜெபம், ரோம நூற்றுக்கு அதிபதி ஒருவன் இயேசுவிடம் சொன்னதிலிருந்து வந்தது. ஆங்கிலிக்கன் மரபில், மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று சொல்கிற ஜெபம் 1548-லிருந்து வழங்குகிறது. ராக்லாந்தும் எத்தனையோ முறை சொல்லியிருப்பார். அதன் பின்னணியில் நிற்பவள் கானானியப் பெண். ஒருவன் அந்நியப் படைக்காரன், இன்னொருத்தி அந்நிய தேசத்துக்காரி. இருவருமே யூத சமூகத்துக்கு வெளியாட்கள். இருவரும் தங்களுக்காக வரவில்லை. அவன் வேலைக்காரனுக்காக வந்தான், அவள் மகளுக்காக வந்தாள். தகுதி இல்லை என்று சொல்லிவிட்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பிவிடவும் இல்லை. கேட்டார்கள். அந்தப் பெண்ணோ, முதலில் மறுப்பு வந்த பிறகும் விடாமல் வாதாடினாள். இருவருக்கும் கேட்டது கிடைத்தது. இருவருடைய விசுவாசத்தையும் இயேசு புகழ்ந்தார்.

பட்டாசு மண்ணில் இதற்கு இன்னொரு கனமான பக்கமும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் பலர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். கருகிய உடலை அடையாளம் காட்டிவிட்டு வருகிற தாயின் காதில், துக்கம் கேட்க வந்த யாராவது ஒருவர், “என்ன பாவம் செஞ்சோமோ” என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வார்த்தை அவருக்குள் இறங்கி, ‘என்னால்தான்’ என்று வேர்விட்டுவிடும்.

லூக்கா நற்செய்தியின் 13-ம் அதிகாரத்தை அந்த வீட்டில் வாசித்துக் காட்டலாம். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது உண்மைதான், ஆனால் செத்தவன் தலையில் பழியைப் போடவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அதே ‘இல்லை’தான். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியைத் திருச்சபை நடத்துகிறது. பிள்ளையின் குறைக்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு அழுகிற பெற்றோருக்கு, அந்தப் பள்ளியின் வாசலே ஒரு பதில்.

ராக்லாந்தை மறதியிலிருந்து மீட்டவர் ஒரு பெண். டோனாவூர் ஏமி கார்மைக்கேல். 1922-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பல நூறு குழந்தைகளுக்கு அம்மாவாக இருந்தவர், 1931-ல் கீழே விழுந்த பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதிக்கொண்டே இருந்தார். 1951 ஜனவரியில் மறைந்தார். தன் கல்லறைக்கு மேல் கல் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகளுக்கு அப்படியே விட மனம் வரவில்லை. அவர் சொல்லையும் மீறாமல், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அவரை அவர்கள் கூப்பிட்ட ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிறது. அம்மா என்று பொருள்படும் பெயர்.