ஏற்றிச் செல்லாத ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் வரும், ஆளை ஏற்றும், சைரன் அலற மருத்துவமனைக்குப் பறக்கும். பாராமெடிக்குகள் படித்துப் பழகுவதும் அதைத்தான். இதயம் நின்றால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒரு நொடிகூட வீணாகக் கூடாது.

ஆனால் புற்றுநோய் முற்றிய ஒருவர், கடைசி நாட்களை வீட்டிலேயே கழிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். நள்ளிரவில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. பதறிப்போன மனைவி அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கிறார். கணவர் எந்த இடம் வேண்டாம் என்றாரோ, வண்டி அங்கேயே அவரைக் கொண்டு சேர்க்கும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2015-ல் இந்த வழக்கத்தை மாற்றத் தொடங்கியது. நோயாளி எதை விரும்புகிறார், எதை வேண்டாம் என்கிறார் என்பது முன்கூட்டியே பதிவேட்டில் ஏறியது. வலி, மூச்சுமுட்டல், குமட்டல், மனக்கலக்கம் ஆகியவற்றை வீட்டிலேயே தணிக்கப் பாராமெடிக்குகள் பயிற்சி பெற்றார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கும் அந்த வேளையில், செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

மூச்சுமுட்டலையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளைத்தண்டு உடனே உஷாராகி, இன்னும் வேகமாக மூச்சுவிடச் சொல்கிறது. நோயில் நைந்த நுரையீரலால் அந்தக் கட்டளைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே விழும் பள்ளத்தைத்தான் திணறலாக உணர்கிறோம். திணறல் பயத்தைக் கிளப்பும். பயம் மூச்சை இன்னும் விரட்டும்.

இந்தச் சுழலை உடைப்பது சிறு அளவு மார்ஃபின். அது நுரையீரலைச் சரிசெய்வதில்லை. மூளையின் பதற்றமான கோரிக்கையின் குரலைத் தணிக்கிறது. ஆக்சிஜன்தானே முதலில் வேண்டும் என்று தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமலேயே மூச்சுத் திணறும் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் பெற்றவர்களுக்கும் சாதாரணக் காற்று பெற்றவர்களுக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறியைப் பிடித்தால் பலருக்கு இதமாக இருக்கிறது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்புகள், குளிர்ந்த காற்று வருகிறது என்ற சேதியை மூளைக்கு அனுப்பிவிடுகின்றன.

அடுத்து, வீட்டாரைக் கலங்கடிக்கும் அந்தக் கரகரப்பு. விழுங்கும் அனிச்சைச் செயல் ஓய்ந்துபோவதால் உமிழ்நீரும் சளியும் தொண்டையில் தேங்கி, மூச்சுக் காற்றில் சலசலக்கின்றன. நோயாளி பெரும்பாலும் அரை மயக்கத்தில் இருப்பார். கேட்பவர்களுக்குத்தான் அதிக வேதனை. குழாய் விட்டு உறிஞ்சுவதைவிட, மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைப்பதே பல நேரம் போதும்.

பிறகு மூச்சு தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும். மெல்ல மெல்லப் பெரிதாகும், சிறுத்துப்போகும், நின்றேவிடும். முடிந்தது என்று எல்லோரும் விசும்பும்போது மறுபடி தொடங்கும். டப்ளின் மருத்துவர்களான ஜான் செய்ன் 1818-லும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதைப் பதிவு செய்தார்கள். ரத்த ஓட்டம் மந்தமானால் நுரையீரலின் நிலவரம் மூளைக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். கீஸர் தண்ணீர் சூடாக நேரமானால் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சுட்டதும் சட்டென்று மூடுவோமே, அதே தடுமாற்றம்தான்.

கடைசியாக, காது. வான்கூவரில் ஒரு அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில், மரணத் தறுவாயில் நினைவிழந்து கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலரின் மூளை, ஒலிகளில் ஏற்பட்ட மாற்றங்களுக்கு நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. அவர்களுக்குப் பொருள் புரிந்ததா என்பதை அந்த அலைகள் சொல்லவில்லை. ஆனாலும் மருந்து கொடுத்து முடித்த பாராமெடிக், மனைவிக்கு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, “பேசிக்கொண்டிருங்கள், காதில் விழலாம்” என்று சொல்ல அது போதும்.

வெளியே நிற்கும் வண்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறக்கப்படவே இல்லை.